ஏற்ற இறக்க அனுபவம்

"குழு எண் ஏழு. தலைவர்: ஆண், வயது ஐம்பத்தாறு. முப்பது ஆண்டுகள் ஏற்ற இறக்க அனுபவம் உடையவர். உயரமான இடங்களில் பணியாற்றிப் பழகியவர். எஃகுக் கயிறு கையாள்வதில் தேர்ந்தவர். நடுவழியில் சிக்கிக்கொண்ட நானூற்றுக்கும் மேற்பட்டோரைத் தனி ஆளாக மீட்டவர்."

நெடுந்தூர நடைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளில் இப்படித்தான் இருந்தது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் வினை. பொய்யாக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்தத் தலைவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மலையை அவர் நாள்காட்டியில் பார்த்திருந்தார், அதுவும் மாதக் கடைசியில் தாளைக் கிழிக்கும்போது. நல்ல உயரம், அதற்கு ஈடுகொடுக்கும் வயிறு. அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே வயிறு போய் நாற்காலி பிடித்து வைத்துவிடும் என்று மைத்துனன் சொல்வதுண்டு. குடியிருப்பது தரைத்தளத்தில். லிஃப்டின் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அறிந்தவர் வேறெங்கே குடியிருப்பார்? ஆனால் வேலைக்குப் போகிற இடத்தில் முதல் மாடிக்கும் லிஃப்டில்தான் போவார். "படியேறிப் போறவன் லிஃப்டையும் அவமானப்படுத்துறான், முட்டியையும் அவமானப்படுத்துறான்" என்பது அவர் கொள்கை. லிஃப்ட் பழுதான கட்டடங்களில் மட்டும் கொள்கையைக் கீழே வைத்துவிட்டு, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி, கட்டியவனின் பரம்பரையை வாழ்த்திக்கொண்டே ஏறுவார்.

இப்படிப்பட்டவர் நூற்று அறுபது கிலோமீட்டர் மலைப்பாதையில் ஒன்பது நாள் நடைக்குத் தலைவரானது மைத்துனனால்.

"மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம்" என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொன்னவர் ஊரில் மலை இருந்திருக்காது, அல்லது அவருக்கு மச்சான் இருந்திருக்க மாட்டான். இவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, சோபா கடையில் விற்பனையாளன். மனித குலம் தன் காலைப் பயன்படுத்தாமல் இருப்பதை நம்பிப் பிழைக்கிற இரண்டு தொழில்கள் ஒரே குடும்பத்தில் வாய்த்திருந்தன. நாற்பத்தொரு வயதில் மச்சானுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். ஸ்டூல் கேட்டு வந்தவர் தலையில் ஏழு பேர் உட்காரும் சோபா செட்டைக் கட்டிப் பழகியவன், அரை மணி நேரத்தை அரை மணி நேரமாகவே வாங்கிக்கொள்வானா? ஒன்பது நாள் நடைக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டான்.

"இவனைத் தனியா அனுப்ப மாட்டேன்" என்றாள் அக்கா. "நீங்க கூடப் போங்க."

"நானா? எனக்குத்தான் சர்க்கரை இல்லையே."

"லீவு இருக்குல்ல? இருபத்தி மூணு நாள் ஊறிக்கிட்டு கிடக்கு."

"அக்கா, மாமா வேண்டாம்க்கா. அவர் பால் வாங்கப் போனாலே நடுவுல ரெண்டு தடவை உக்காருவாரு."

"நீ பேசாத. ஏங்க, சோபாவுல இருந்து எழுந்திருக்கவே இவனுக்கு ஒரு கை வேணும். மலையில விழுந்தா யாரு தூக்குவா?"

"தொண்ணூத்தி ரெண்டு கிலோ. நானா தூக்குவேன்?"

"எனக்கு இருக்கறது ஒரு தம்பி. முழுசா கூட்டிட்டுப் போறீங்க, முழுசா கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னால் அதற்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது. முப்பது வருடத் திருமண வாழ்வில் அவர் கற்ற சட்டம் அது ஒன்றுதான்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒற்றை அறை. சுவர் முழுக்க வரைபடங்கள்; மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட செயலாளர் அம்மாள், கையில் ஸ்டேப்ளர். விண்ணப்பத்தில் "முன் அனுபவம்" என்று ஒரு கட்டம் இருந்தது. மெக்கானிக் வாழ்நாளில் நிரப்பிய படிவங்கள் எல்லாம் வேலைக்கான படிவங்கள். எனவே இதையும் அப்படியே நிரப்பினார். அவர் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு: பழுது பார்த்த லிஃப்டைக் கீழிருந்து உச்சிவரை ஓட்டி, மறுபடி கீழே இறக்கிப் பார்க்க வேண்டும், எத்தனை முறை என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பத்திக்குத் தலைப்பு "ஏற்ற இறக்கம்". ஒரு மெக்கானிக்கின் திறமையே அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. ஆகவே "ஏற்ற இறக்கம், 30 வருடம்" என்று எழுதினார். இடம் மிச்சம் இருந்ததால் கயிற்றைப் பற்றியும், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததைப் பற்றியும் எழுதினார். மிச்ச இடத்தை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பேனாவால் கெட்டார்.

செயலாளர் அம்மாள் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எழுந்து நின்றார்.

"நீங்க இவ்வளவு நாளா எங்க சார் இருந்தீங்க?"

"கீழதான்" என்றார் மெக்கானிக்.

என்ன அடக்கம் என்று அந்த அம்மாள் வியந்துபோனார்.

அதே நேரத்தில் அதே மேசையின் மறுமுனையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம், நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டர், மழையோ வெயிலோ தோளில் பையோடு நடந்தவர். கணக்குப் போட்டால் பூமியை நான்கு சுற்று சுற்றியிருப்பார். ஆனால் மலைக்குப் போனதில்லை. நேர்மையான மனிதர் என்பதால் "முன் அனுபவம்: இல்லை" என்று எழுதினார். குழுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "புதியவர், தலைவர் கவனிக்கவும்" என்று அச்சாகி வந்தது.

நான்காவது ஆள் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயது, ஒல்லி, சுருக்கமான பேச்சு. நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு இருந்து இருந்து, பதில் வராத உலகம் வேண்டும் என்று மலைக்கு வந்தவர்.

பட்டியலைப் பார்த்த அன்றே மெக்கானிக் திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனார். போன இடத்தில் செயலாளர் அம்மாள் நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சங்கம் நிக்குது" என்றார். முப்பது வருடத்தில் அவருக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. லிஃப்ட் ஓடும்போது மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை, நின்றால் நினைக்கிற விதமே வேறு. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"மாமா, சொல்லிட்டீங்களா?"

"சொல்ல விடல."

"யாரு?"

"தேநீர்."

முதல் நாள் பதினெட்டு கிலோமீட்டர். தலைவர் முன்னால் நடக்க வேண்டும் என்பது விதி. எனவே மற்ற மூவரும் அவர் வேகத்தில், அதாவது வேகம் என்று சொல்ல முடியாத ஒன்றில், பின்னால் வந்தார்கள். பத்தடிக்கு ஒருமுறை அவர் நின்று இடுப்பில் கைவைத்துத் தொலைவைப் பார்ப்பார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. மூச்சு வாங்குவதை மறைக்கப் பார்வை ஒரு நல்ல திரை. "வானிலையைக் கணிக்கிறார்" என்று பல் டாக்டர் தபால்காரரிடம் மரியாதையாகச் சொன்னார். மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

இரண்டாம் நாள் மழை பிடித்தது. நகரத்தில் பெய்வது போலக் கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை. மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி, வந்து உட்கார்ந்துகொண்டு கிளம்புகிற பேச்சே எடுக்காத மழை. மேலே நனைத்தது போதாதென்று கழுத்து வழியாக இறங்கி உள்ளாடை வரைக்கும் விசாரித்தது. மூன்றாம் நாள் சாக்ஸைக் கழற்றியபோது அதோடு கொஞ்சம் மச்சானும் வந்தான்: குதிகாலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். பல் டாக்டர் அதைச் சுத்தம் செய்தார். பழக்க தோஷத்தில், "வாயை நல்லாத் திறங்க" என்றார். அவனும் திறந்தான். கத்துவதற்கு வசதியாக இருந்தது.

தங்குகிற குடில்களில் ஈரத்துணி காயப்போட ஓர் அறை உண்டு. நான்கு குழுக்களின் சாக்ஸும் ஒரே அடுப்பின் மேல் தொங்கும். அந்த வாடையைப் பற்றித் தபால்காரர் சொன்னது: "முப்பத்தஞ்சு வருஷத்துல நூத்துக்கணக்கான நாய் என்னைத் துரத்தியிருக்கு. இந்த ரூம்ல ஒரு நாயை விட்டீங்கன்னா அது செத்துரும்."

தபால்காரர் மட்டும் நனைந்தது போலவே தெரியவில்லை. ஒவ்வொரு மாலையும் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுப்பார். "உடம்பு நனையலாம், கடுதாசி நனையக் கூடாது, காலு நனையக் கூடாது" என்பார். மெக்கானிக்கின் பையில் அந்த மாதிரி விவேகம் எதுவும் இல்லை. இருந்தது மூன்று கிலோ எடையுள்ள மஞ்சள் தார்ப்பாய் ஒன்று. லிஃப்ட் வேலை நடக்கும்போது இயந்திரத்தின் மேல் தூசி படாமல் மூடுவது. இருபது வருடமாகச் சாப்பாட்டு வேளையில் அதை விரித்துத்தான் உட்காருவார், வெறுந்தரையில் உட்கார மாட்டார். "தலைவர் எதுக்கும் தயாரா வந்திருக்கார்" என்றார் பல் டாக்டர். உண்மையில் அவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் தயாராக வந்திருந்தார்.

நான்காம் நாள் முடிவில் அவருடைய முட்டிகள் இரண்டும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்திருந்தன. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பக்கத்துப் படுக்கையில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்: "மாமா, எனக்கு முடியல."

"எனக்கு மட்டும் முடியுதா?"

"உண்மையச் சொல்லிட்டு இறங்கிடலாமா?"

"நாளைக்கு மேட்டைத் தாண்டினா அடுத்த குடில்ல ஜீப் பாதை இருக்கு. அங்க இறங்கிடலாம். கௌரவமா." அவருக்குக் கௌரவம் என்பது நான்கு நாளாகத்தான் பழக்கம், விட மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள்தான் மலைமேட்டைக் கடக்கும் நாள். பதினான்கு கிலோமீட்டர், நடுவில் கூரை கிடையாது. குடில்காரர் காலையில் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "மேல போனா பாதைன்னு ஒண்ணும் தெரியாது, வெறும் கல்லுதான். முப்பது அடிக்கு ஒரு சிவப்புக் கம்பம் நட்டிருக்கோம். ஒரு கம்பத்துல நின்னுக்கிட்டு அடுத்த கம்பத்தைப் பாருங்க. பார்த்துட்டு நடங்க. கம்பத்தை விட்டுட்டீங்கன்னா சாமி கும்பிட்டுக்க வேண்டியதுதான்." அப்போது வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. மற்ற குழுக்கள் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டன. குழு எண் ஏழு, தலைவரின் முட்டி இசைந்த பிறகு, எட்டே முக்காலுக்குக் கிளம்பியது.

பதினோரு மணிக்குக் காற்று திரும்பியது. பன்னிரண்டுக்கு மழை. அரை மணி கழித்து மழையோடு பொடிப் பனிக்கட்டி சேர்ந்து, முகத்தில் யாரோ உப்பை அள்ளி வீசுவது போல அடித்தது. பிறகு மூட்டம் இறங்கியது. மேகத்தைக் கீழேயிருந்து பார்த்துக் கவிதை எழுதியவர்கள் உண்டு. உள்ளே நின்று எழுதியவர் யாரும் இல்லை. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. ஒரு கம்பத்தருகே நான்கு பேரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த கம்பம் இல்லை.

"இந்தப் பக்கம்தான்" என்றார் தபால்காரர், வலப்புறம் கைகாட்டி. "இவ்வளவு நேரம் காத்து இடது கன்னத்துல அடிச்சது. அப்படியே வெச்சுக்கிட்டு நடந்தா சரியாப் போகும்."

"காத்து மாறியிருந்தா?" என்றார் மெக்கானிக்.

"தலைவரே, மழைக்கு நின்னா தபால் எப்படிப் போய்ச் சேரும்? நடந்தா உடம்பு சூடாகும். நின்னா செத்துருவோம். குடில்ல ஆறு மணிக்கு சூப்பு."

மெக்கானிக் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் பத்து நிமிடமாக ஒன்றும் பேசவில்லை. பேசாத மச்சானை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று தூங்கும்போதுகூடப் பேசியவன். உதடு நீலம். கையுறையைப் போட முயன்று, கட்டை விரலைச் சுண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான், நடக்க முடியுமா?"

"முடியும்" என்றான், "ஒரு பத்து நிமிஷம் படுத்துட்டு." சொல்லிக்கொண்டே அங்கேயே முட்டி போட்டான்.

மெக்கானிக்குக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மலையைப் பற்றித் தெரியாது. ஆனால் இரண்டு இடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி, அந்த மேட்டில் மட்டும் அல்ல, அந்த மாவட்டத்திலேயே அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது.

"யாரும் நகர வேண்டாம்" என்றார். "இங்கயே உக்காரலாம். மூட்டம் தெளியற வரைக்கும்."

"உக்காரறதா?" தபால்காரருக்குக் கோபம் வந்தது. "எப்போ தெளியும்?"

"தெரியாது."

"தலைவரே, உங்க முப்பது வருஷ அனுபவத்துல..."

இங்கேதான் அவர் பொய்யைத் தொடர்ந்திருக்க வேண்டும். தொடர்ந்திருந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் என்ற சொல்லுக்கு அவ்வளவு பலம் இருந்தது. ஆனால் மனிதர் வேண்டாத நேரத்தில் மறைப்பார், வேண்டாத நேரத்தில் உடைப்பார்.

"நான் மலையே ஏறினதில்ல" என்றார். "நான் லிஃப்ட் மெக்கானிக். படிவத்துல எழுதினது லிஃப்ட் ஏற்ற இறக்கம். மீட்டதும் லிஃப்ட்ல இருந்துதான்."

"அப்போ நாலு நாளா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு என்ன பார்த்தீங்க?" என்றார் பல் டாக்டர்.

"மூச்சு வாங்கினேன்."

"அட பாவி மனுஷா!" என்றார் தபால்காரர். "உங்களை நம்பி நான் நாலரை நாள் மெதுவா நடக்கப் பழகினேன். ஆசை இருக்கு தாசில் பண்ணன்னு ஒரு தலைவர்! டாக்டர், கிளம்புங்க. இவர் பேச்சை எதுக்குக் கேக்கணும்?"

"கேக்க வேண்டாம்" என்றார் மெக்கானிக். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நானூத்திச் சொச்சம் பேரு நடுவுல மாட்டி நான் எடுத்திருக்கேன். உள்ள இருந்தவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கால் உடைஞ்சது ஒரே ஒருத்தனுக்கு. நான் வர்றதுக்குள்ள கதவை நெம்பிக் குதிச்சவன். லிஃப்ட் நின்னதால யாரும் சாகறதில்ல சார். அவசரத்துல எங்க மாடி இருக்குன்னு தெரியாமக் குதிக்கறான் பாருங்க, அதுலதான் போகுது. இப்போ நமக்கு மாடி எங்க இருக்குன்னு தெரியல. இந்தக் கம்பம் மட்டும்தான் தெரியும். இதை நான் விட மாட்டேன்."

தபால்காரர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் குனிந்து, முட்டி போட்டிருந்த சோபாக்காரனின் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். "வாயைத் திறங்க" என்றார், இந்த முறை வேண்டுமென்றே. அவன் திறக்கவில்லை. அது அவனுக்குக் கேட்கவில்லை.

"இவரால நடக்க முடியாது" என்றார் டாக்டர். "உக்காரலாம்."

தபால்காரர் ஒருவராகப் போயிருக்கலாம். காலில் பலம் இருந்தது. இரண்டடி எடுத்தும் வைத்தார், திரும்பிப் பார்த்தார், மூன்று பேரும் ஏற்கெனவே பாதி மறைந்திருந்தார்கள். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக மழைக்கு நின்றார்.

கம்பத்துக்குப் பின்னால் ஆள் உயரப் பாறை ஒன்று இருந்தது. காற்று அடிக்காத பக்கத்தில் பைகளை அடுக்கி, அவற்றின்மேல் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, மஞ்சள் தார்ப்பாயைத் தலைக்கு மேலே போட்டு ஓரங்களைத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டார்கள். உள்ளே கிரீஸ் வாடை, ஈரக் கம்பளி வாடை, நான்கு பேரின் நான்கு நாள். மணி ஒன்று நாற்பது.

மெக்கானிக்கின் தொழிலில் கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கதவு இடுக்கில் வாயை வைத்து உள்ளே இருப்பவர்களோடு பேசுவது. அதற்கு விதிகள் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. "பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது. அதுவரை பயப்படாதவனும் அப்போது பயப்படுவான். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று சொல்லக் கூடாது. ஆறாவது நிமிடத்தில் நம்பிக்கை போய்விடும். மேலே எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். மாட்டிக்கொண்டவன் போகிற இடத்தைப் பற்றிப் பேசினால், மாட்டிக்கொண்ட இடத்தைக் கொஞ்சம் மறப்பான். தூங்க விடக் கூடாது.

"மச்சான், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீ எனக்கு ஒரு சோபா விக்கணும்."

"தூக்கம் வருது மாமா."

"எனக்கு வீட்டுல சோபா பழசாயிருச்சு. உங்கக்கா மாத்தணும்ங்கறா. என்ன இருக்கு உன்கிட்ட?"

தொழில் ஒரு நோய். உயிர் போகிற நேரத்திலும் விடாது. மச்சான் கண்ணைத் திறக்காமலே ஆரம்பித்தான். தேக்கு, ரப்பர் நுரை, துவைக்கக்கூடிய உறை. நாக்கு குழறியது. "மூணு பேர் உக்காரலாம், நாலடி நீளம்..."

"நாலடியில மூணு பேரா?" என்றார் தபால்காரர் இருட்டுக்குள்ளிருந்து. "யாரு, எலியா?"

சோபாவின் நீளத்தை மச்சான் தப்பாகச் சொல்லி மெக்கானிக் கேட்டதே இல்லை. டாக்டரும் புரிந்துகொண்டார். "நடுக்கம் நின்னுருச்சு. அது நல்லதில்ல. ஈரத்தைக் கழட்டுங்க. காலு, முதல்ல காலு."

பூட்ஸைக் கழற்றினார்கள். பாதங்கள் மெழுகு போல வெளுத்து, தொட்டால் கடையில் வைத்த மீன் மாதிரி இருந்தன. தபால்காரர் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையிலிருந்த கடைசி ஜோடி சாக்ஸை எடுத்து நீட்டினார். "வெறும் சாக்ஸ் போதாது, சூடு வேணும்" என்றார் டாக்டர். மெக்கானிக் கோட்டையும் சட்டையையும் பொத்தான் திறந்து, மச்சானின் இரண்டு பாதங்களையும் இழுத்து நேராகத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்தி, சட்டையை மேலே போட்டு மூடினார்.

அவர் எழுப்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"என்ன ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஐஸ் பெட்டிய விழுங்கின மாதிரி இருக்கு."

"எடுக்காதீங்க."

"எடுக்கல."

டாக்டர் தன் உலர்ந்த ஸ்வெட்டரை அவனுக்குப் போட்டுவிட்டு, அவன் கைகளைத் தன் அக்குளில் செருகிக்கொண்டார். பல் டாக்டரிடம் இப்படி நெருக்கமாக உட்கார்ந்த நோயாளி வேறு இருந்திருக்க முடியாது. தபால்காரர் காற்று நுழைகிற ஓரத்தில் போய் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். சாக்லேட், பிஸ்கட், வேர்க்கடலை, பிளாஸ்கில் மிச்சம் இருந்த இனிப்புத் தேநீர் எல்லாம் சோபாக்காரன் வாய்க்கு முதலில் போயின. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டாக்டர் விசில் ஊதினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெக்கானிக் ஒரு சோபா வாங்கினார்.

"இதுக்கு மடக்குக் கட்டில் உண்டா?"

"உண்டு மாமா."

"போன தடவை இல்லன்னியே?"

"அது... வேற மாடல்."

மூன்றாவது சோபாவில் மச்சான் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். பற்கள் தந்தி அடித்தன. "நல்ல சத்தம்" என்றார் பல் டாக்டர். வாழ்க்கையில் அவர் அந்தச் சத்தத்தைப் பாராட்டியது அன்றுதான். ஐந்தாவதில் மூன்று பேர் சோபா ஆறரை அடி ஆனது. ஏழாவதில் பேரம் பேசும் அளவுக்குத் தேறி, "மாமா, சொந்தக்காரர்னாலும் விலையில கை வைக்க முடியாது" என்றான்.

"காலை எடுடா அப்போ" என்றார் மெக்கானிக்.

ஆனால் எடுக்க விடவில்லை.

தபால்காரர் மூன்று முறை, "இன்னமும் நடக்கலாம்னுதான் சொல்றேன்" என்றார். மூன்று முறையும் மெக்கானிக், "சொல்லுங்க, ஆனா உக்காருங்க" என்றார். நான்காவது முறை தபால்காரர், ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததால் தினமும் ஏழு மாடி ஏறிக் கடிதம் கொடுத்த கதையைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தார். எந்தக் கட்டடம் என்று கேட்டார் மெக்கானிக். அடையாளம் சொன்னார். "அங்க லிஃப்ட் இருக்கே" என்றார் மெக்கானிக். "நான்தான் பராமரிப்பு." "எப்பவும் 'வேலை நடக்கிறது'ன்னு பலகை மாட்டியிருக்குமே, அதா?" "அதேதான்." அதன்பின் அரை மணி நேரத்துக்கு யாருக்கும் குளிர் தெரியவில்லை, தபால்காரர் அவ்வளவு விரிவாகப் பேசினார்.

ஐந்து இருபதுக்குக் காற்று ஓய்ந்து, மூட்டம் யாரோ திரையை இழுத்தது போல ஒரு பக்கமாகச் சுருண்டது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்கள். அடுத்த கம்பம் முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. சிவப்பாக, கூச்சமே இல்லாமல்.

"சொன்னேனா இல்லையா?" என்று துள்ளினார் தபால்காரர். "முப்பதடி! முப்பதடிக்கு நாலு மணி நேரம்!"

"நீங்க வலது பக்கம் காட்டினீங்க" என்றார் டாக்டர். "அது இடது பக்கம் இருக்கு."

வலது பக்கம் என்ன இருந்தது என்று எல்லோரும் பார்த்தார்கள். அதலபாதாளம் ஒன்றும் இல்லை. கதைக்கு அது ஏமாற்றம்தான். கற்கள் நிறைந்த சாதாரணச் சரிவு, ஆள் இல்லாத ஒரு பள்ளத்தாக்கை நோக்கிச் சாவதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. தபால்காரரைப் போன்றவர் அதில் ஏழெட்டு மணி நேரம் நடந்து, வழி தப்பிவிட்டோம் என்று அறிந்து, திரும்பியும் வந்திருப்பார். மச்சான் முதல் அரை மணியில் ஓரிடத்தில் படுத்திருப்பான்.

தபால்காரர் அந்தச் சரிவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மச்சானின் பையைத் தன் பைக்கு மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, "நடங்க" என்றார், தலைவரே என்று சொல்லாமல்.

ஒன்றரை மணி நேரத்தில் குடிலை அடைந்தார்கள். சூப் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை தபால்காரரும் பல் டாக்டரும் பாதையில் தொடர்ந்து, நான்கு நாளில் நடையை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். மெக்கானிக்கும் மச்சானும் சாமான் இறக்க வந்த ஜீப்பில் காலி அரிசிச் சாக்குக்கும் காலி காஸ் சிலிண்டருக்கும் நடுவே உட்கார்ந்து இறங்கினார்கள். முழுசாக.

இப்போது இதைப் பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. சோபா கடையில் சொல்லப்படுவதில் சூறாவளி இருக்கிறது, சிறுத்தை ஒன்று இருக்கிறது, வாடிக்கையாளர் உட்கார்ந்து கேட்பதால் விற்பனையும் இருக்கிறது. தபால்காரர் சொல்வதில் முப்பதடி தூரத்துக் கம்பமும் ஒரு மோசடிக்காரத் தலைவரும் இருக்கிறார்கள். மோசடிக்காரரைத் திட்டி முடித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருகிறார்.

மெக்கானிக்கிடம் மனைவி கேட்டாள்: "மேல அப்படி என்னதான் பண்ணீங்க?"

"உக்காந்திருந்தோம்" என்றார்.

அன்று மதியம் ஒன்று நாற்பது முதல் ஐந்து இருபது வரை, அவர் ஒரு பாறைக்குப் பின்னால், மச்சானின் பாதங்களை வெறும் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, பதினெட்டு சோபாக்கள் வாங்கினார்.